கடல் மூடுவதற்குள் போன மாவு

கடல் மூடும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கடலென்ன கடையா, ஷட்டரை இழுத்துவிட? சிரியுங்கள், பரவாயில்லை. துபாயில் கிரீக் என்கிற கடல்கழியின் கரையில் மர லாஞ்சுகளில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு அது வருஷா வருஷம் நடக்கிற காரியம். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் மர லாஞ்சு எதுவும் அரபிக்கடலில் இறங்காது. ஆவணி வரைக்கும் அப்படித்தான். லாஞ்சு ஓட்டுகிற குஜராத் கட்ச் ஆட்கள் "தரியா பந்த்" என்பார்கள். கடல் மூடியாச்சு, கலாஸ், வேலை முடிஞ்சது, வீட்டுக்குப் போ.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று உங்கள் ஆபீஸிலிருந்து கேட்டார்கள். பில் போடுவதும் கஸ்டம்ஸ் கிளியர் செய்வதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் எழுதி உங்கள் கழுத்தை அறுக்கப்போவதில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சரக்கு வேலையில் இத்தனை காலம் இருந்ததில், நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமூச்சு வருகிற நாள் அது. நல்ல பெருமூச்சுதான், பயப்படாதீர்கள்.

அது இராக் போர் நடந்த வருஷம். போர் நெருங்கியபோது வளைகுடா முழுக்க ஒரே பீதி. குவைத் ஃபஹாஹீலில் இருந்த என் மச்சினன் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, ரூமில் தண்ணீர் பாட்டிலுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போடுவான்.

"அத்தான், கேஸ் குண்டு போட்டா இந்த டேப்பு தாங்குமா?"

"டேப்பு தாங்கும் மாப்ளே. நீ தாங்குவியான்னுதான் தெரியல."

பிறகு பாக்தாத் விழுந்தது. டிவியில் சிலையைச் சாய்த்தார்கள். அவனும் டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போனான். எல்லோரும் அப்பாடா என்றோம். எங்கள் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

இராக்கின் கதவு திறந்ததும் அந்த ஊருக்கு எல்லாமே வேண்டியிருந்தது. பழைய கார், ஏசி, ஜெனரேட்டர், டிஷ் ஆன்டெனா, எது கொண்டுபோனாலும் விற்றது. லாஞ்சு வாடகை கிடுகிடுவென்று ஏறியது. கிரீக்கில் கட்டியிருந்த லாஞ்சுகள் ஒவ்வொன்றாக மூக்கை வடக்கே திருப்பின. இதுவரைக்கும் இந்த லாஞ்செல்லாம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெரும்பாலும் சோமாலியாவுக்குத்தான்.

சோமாலியாக் கரையில் சின்னச் சின்னத் துறைகள் நிறைய. பெரிய கப்பல் நிற்க ஆழம் கிடையாது, கிரேன் கிடையாது, ஒழுங்கான அரசாங்கமும் அப்போது கிடையாது. மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் துபாயிலிருந்து லாஞ்சில் போனால்தான் உண்டு. கடல் மூடுவதற்கு முன் கடைசியாக எவ்வளவு போய் இறங்குகிறதோ, அதைத்தான் மூடிய மாதங்களில் அந்த ஊர்கள் சாப்பிடும். சண்டை இராக்கில். அடுப்பு அணையப்போவது ஆப்பிரிக்காவில். இதை எந்த டிவியிலும் காட்டவில்லை. கிரீக் கரையில் நின்ற எங்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஹோதன் என்று ஒரு சோமாலிப் பெண்மணி. தன் ஊர்க் கடைகளுக்கெல்லாம் சேர்த்துச் சரக்கு வாங்க ஒவ்வொரு சீசனிலும் துபாய்க்கு வருவார். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். அவர் பேரம் பேச ஆரம்பித்தால் எதிர்க்கரையில் பர் துபாயில் நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அந்த வருஷம் அவர் பேசி வைத்திருந்த லாஞ்சுகள் வரிசையாக இராக்குக்கு ஓடிவிட்டன. மிச்சம் இருந்தது ஹாருன் நாகுதாவின் லாஞ்சு ஒன்றுதான். நாகுதா என்றால் லாஞ்சின் தலைவர். எங்கள் தூத்துக்குடியில் தோணிக்குத் தண்டல் என்போமே, அதேதான். ஹாருன் பாய் கட்ச் பக்கத்து ஆள். தாடி நரைத்தவர், அதிகம் பேசாதவர். அவர் லாஞ்சில் ஹோதனின் அரிசியை ஏற்றி முடித்திருந்தோம். மாவும் சர்க்கரையும் எண்ணெய் டின்களும் கரையில் அடுக்கியிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை என் மேனேஜர் வந்தார். பெயர் வேண்டாம். கும்பகோணத்துக்காரர், நன்றாக இருக்கிறார், இதைப் படித்தால் போன் போட்டுத் திட்டுவார்.

"அண்ணாச்சி, ஹாருன் லாஞ்சுல இருக்கிற அரிசியை இறக்கிடுங்க. இராக் பார்ட்டி கார் ஏத்தணும்கறான். லாஞ்சு ஓனர் சேட் கட்ச்லேர்ந்து போன்ல ஓகே சொல்லிட்டார்."

"சார், அது ஹோதன் சரக்குல்லா. பாதி ஏத்தியாச்சே."

"அடுத்த லாஞ்சுல போட்டுக்கலாம்."

"அடுத்த லாஞ்சு ஆவணியிலதான் சார். அதுவரைக்கும் அந்த ஊருக்காரன் மண்ணையா திம்பான்?"

"அதுக்கு நான் என்னய்யா பண்ணட்டும்? லாஞ்சு என்னோடதா? சேட் சொல்றார், நாம செய்யறோம். யல்லா, ஆளைக் கூப்பிடுங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவர் கெட்டவர் இல்லை, அது வேறு என் எரிச்சலைக் கூட்டியது. கெட்டவனாக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டாவது போகலாம். என் விசாவும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார். லோடிங் ஆளுங்க ஜும்ஆவுக்குக் கிளம்பிருவாங்க. தொழுதுட்டு வரட்டும், பாத்துக்கிடலாம்."

லோடிங் ஆட்கள் பட்டாணியர்கள். லாஞ்சு ஆட்களும் தொழப் போகிறவர்கள். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் மூட்டை தூக்கச் சொல்கிற மேனேஜர் இன்னும் பிறக்கவில்லை. அவர் வாட்சைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், "முடிஞ்ச உடனே இறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால் என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. தலை சூடானபோது கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கினேன். நீங்களும் அதைப் பழகிக்கொள்ளுங்கள். சூட்டில் பதில் சொல்லி வேலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோதனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியது நான்தான். நாங்கள் பேசியது இந்தியும் அரபியும் ஆங்கிலமும் கலந்த ஒரு சாம்பார். எப்படியோ புரிந்துகொள்வோம். கேட்டதும் அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினார். பிறகு நேராக நடந்துபோய்த் தன் மாவு மூட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மாஃபி! முடியாது! நான் இறங்க மாட்டேன் பாய். போலீஸைக் கூப்பிடு."

"போலீஸ் வந்தா முதல்ல என்னையத்தான் பிடிக்கும் சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துத்தானே ஒவ்வொரு லாஞ்சா போச்சு? உனக்குத் தெரியாது பாய். முன்னே ஒரு வருஷம் இதே மாதிரி கடைசி லாஞ்சு வரல. எங்க ஊர்க் கடைக்காரங்க விலையை ஏத்தல. ஏத்தினா அடிதடி வரும்னு தெரியும். கப்பை மாத்திட்டாங்க."

"எந்த கப்பு?"

"மாவு அளக்கிற கப். முதல்ல ஒரு சின்ன கப் வந்தது. அப்புறம் அதைவிடச் சின்னது. அதே காசுதான். காலையில நாங்க அஞ்சேரோ சுடுவோம், உங்க தோசை மாதிரி. என் கடைசிப் பொண்ணு தட்டைப் பார்த்துட்டுக் கேட்டா, 'அம்மா, இது ஏன் தினமும் சின்னதாகுது?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்? இந்தத் தடவையும் கடைக்காரன் கப்பை மாத்தத்தான் போறான். என்னை இங்க அனுப்பிட்டு எல்லாரும் அங்க காத்திருக்காங்க பாய்."

அத்தனை பெரிய குரல் கடைசியில் தழுதழுத்துவிட்டது. நான் லாஞ்சுக்குப் போனேன்.

ஹாருன் பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் போன வேகத்தில் பிரசங்கம் செய்தேன். "பாய், நீங்க போகலைன்னா அந்த ஊர்ல சனங்க பட்டினி கிடக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஊருக்கு வருஷா வருஷம் போறது நான். நீ போயிருக்கியா? அவங்க பசி எனக்குத் தெரியும், நீ சொல்லித்தான் தெரியணுமா? லாஞ்சு சேட்டோடது. சேட் இராக்னு சொன்னா இராக். கலாஸ்."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? பசியைப் பற்றி அந்தக் கரையில் தெரியாதவன் யாருமில்லை. தெரிந்தும் அரிசி இறங்கத்தான் போகிறது. தலையைச் சொறிந்துகொண்டு திரும்பும்போதுதான் லாஞ்சின் பின்பக்கம் கண்ணில் பட்டது. தார்ப்பாய்க்கு அடியில் அவர்கள் வீட்டுச் சாமான்கள். கம்பளி, தையல் மெஷின், மிக்சி, பவுடர் டப்பா, ஒரு குட்டி சைக்கிள். எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக்கில் சுற்றி, ஜரிகை போட்ட ஒரு சிவப்புத் துணி.

"இது என்ன பாய், கடை வெக்கப் போறீங்களா?"

"பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார். அதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகம் சுண்டிப்போனது. "எங்க ஊர்ல கடல் மூடின மாசத்துலதான் எல்லாக் கல்யாணமும். அப்பத்தானே ஆம்பளைங்க வீட்ல இருப்போம்? இன்ஜின்காரன் தம்பிக்கும் இந்த மாசம்தான். சோமாலியாவுல சரக்கை இறக்கிட்டா, புதுக் காத்து பின்னாலேர்ந்து தள்ளி எங்களை நேரா ஊர்ல கொண்டுவிட்டுரும். வழக்கமா அப்படித்தான் போவோம்."

"இராக் போனா?"

"போன லாஞ்சு ஒண்ணுகூடத் திரும்பல. துறை வாசல்ல வரிசையில நிக்குதாம். நான் திரும்பறதுக்குள்ள கடல் மூடிரும். இந்த கிரீக்ல உக்காந்துக்கிட்டு நிக்காஹ்வை போன்ல கேக்க வேண்டியதுதான்."

அப்போது என் வாயில் வந்த கேள்வியை நான் யோசித்துக் கேட்கவில்லை. ஊர்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்குச் சொல்லியாச்சா பாய்?"

அவர் கயிற்றைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. "இல்ல. சொன்னா அழுவா."

"சேட் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கொடுத்ததே அவங்கதான்."

நான் என் மொபைலை நீட்டினேன். "வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. இன்னைக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியத்தானே போகுது? நீங்க சொல்லித் தெரியட்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அது ஒரு சூழ்ச்சி என்று அந்த நேரத்தில் நினைக்கவில்லை. கொஞ்சம் நப்பாசை இருந்தது, அது வாஸ்தவம். அவர் நம்பரைப் போட்டுக் கட்ச் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். எதிர்முனைக் குரல் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. பிறகு டக்கென்று நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"போனை வெச்சுட்டா" என்றார் ஹாருன் பாய். என் கையில் மொபைலைக் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மசூதிக்கு நடந்தார்.

கரை வெறிச்சோடிப் போனது. ஹோதன் மூட்டையிலிருந்து இறங்கி, நிழலில் துணி விரித்துத் தொழுதார். தொழுததும் மறுபடி மேலே ஏறிக்கொண்டார். நான் எண்ணெய் டின்னில் உட்கார்ந்து மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஊமையாகக் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குத் தெரிந்த முருகன் பெயர் அத்தனையும் சொல்லி முடித்துவிட்டேன்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். இராக் பார்ட்டியின் கார்கள் கரையில் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்தன. மேனேஜர் தூரத்திலிருந்தே கையை வீசிக்கொண்டு வந்தார். "யல்லா அண்ணாச்சி, யல்லா! இன்னும் என்ன வேடிக்கை?"

வேறு வழியில்லை. நான் தலையாட்டினேன். பட்டாணியர் ஒருவர் முதல் அரிசி மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு பலகையில் இறங்கி வர ஆரம்பித்தார். ஹோதன் கத்தவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் என் மொபைல் அடித்தது.

"யாருய்யா நீ?" என்றது ஒரு குரல். "ஹாருன் பொண்டாட்டி கொடுத்தா, இது யார் நம்பர்? ஹாருன் எங்கே?" லாஞ்சு சேட். "ஜும்ஆ முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன், என் வாசல் பூரா பொம்பளைங்க நிக்கிறாங்க! ஹாருன் பொண்டாட்டி, இன்ஜின்காரன் அம்மா, ஊர்ல இருக்கிறவ எல்லாம்! என் பொண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டேங்கிறா! 'நான் வாக்குக் கொடுத்த கல்யாணம், பொண்ணோட அப்பனை இராக்குக்கு அனுப்பிட்டு உனக்குப் பிரியாணி ஒரு கேடா'ங்கிறா! கொடுய்யா ஹாருன்கிட்ட!"

நான் ஓடினேன். இந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஹாருன் பாய் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அச்சா... அச்சா சேட்... அச்சா" என்று மட்டும் சொன்னார். முடித்ததும் தாடிக்குள் லேசாகச் சிரித்தார்.

"சோமாலியா போகச் சொல்றாரு. போயிட்டு நேரா வீட்டுக்கு வரச் சொல்றாரு."

பலகையின் நடுவில் மூட்டையோடு நின்ற பட்டாணியர் எரிச்சலாகக் கேட்டார். "உஸ்தாத், மேலயா கீழயா? சீக்கிரம் சொல்லு."

"உள்ள போடு பாய்! உள்ள! மாவையும் ஏத்து, எல்லாத்தையும் ஏத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹோதன் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் மூட்டை மேலேயே எழுந்து நின்று நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார் பாருங்கள், ஹாரன் அடித்துக்கொண்டிருந்த கார்களெல்லாம் கப்சிப்.

மேனேஜர் என்மேல் பாய்ந்தார். "அப்போ இந்தக் காரையெல்லாம் என் தலையிலயா ஏத்தறது? பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்யா!"

"மர லாஞ்சுல கார் எதுக்கு சார்? கயித்தைக் கட்டித் தூக்கும்போது பாதிக் காருக்குக் கண்ணாடி போயிரும். லேண்டிங் கிராஃப்ட் இருக்குல்லா, தட்டையா, முன்னால பலகை இறங்குமே? அதுல காரை ஓட்டியே ஏத்திரலாம். மர லாஞ்சு சீசனைப் பாக்கணும், இரும்புக்கு அது கிடையாது."

அவர் என்னை முறைத்தார். "இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

காலையில் எனக்கே தோன்றவில்லை என்பதுதான் நிஜம். வயிற்றில் பயம் இருக்கும்போது மூளை வேலை செய்யாது. அதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். பார்ட்டிக்கும் சந்தோஷம், கமிஷனும் வந்தது. சாயங்காலம் மேனேஜரே எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார், அதுவும் முறைத்துக்கொண்டேதான்.

லாஞ்சு போனது. அப்போது உங்களைப் போலத் திரையில் கப்பல் நகர்கிற புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போனால் போனதுதான், தகவல் வந்தால் உண்டு. ஹோதன் விமானத்தில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். காற்று கிளம்பிவிட்டது என்று கரையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ரூமில் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கரகரவென்று ஒரே இரைச்சல். நடுவில் ஹோதனின் அந்தப் பெரிய குரல்.

"சத்தம் கேக்குதா பாய்? மூட்டை இறக்குறாங்க! அது உன் மாவு பாய், உன் மாவு!"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த மேனேஜர் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துபோனார். "மாவு இறங்கிருச்சு சார்" என்றேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பாடா" என்றார். அதனால்தான் அவரைக் கெட்டவர் இல்லை என்று சொன்னேன்.

எல்லா ஊருக்கும் அப்படி அமையவில்லை. அந்த வருஷம் அதே கரையில் லாஞ்சு வராத துறைகள் இருந்தன. அவர்களுக்காக எந்த சேட் வீட்டம்மாவும் சோறு போட மறுக்கவில்லை. அதை நினைக்கும்போது என் சந்தோஷம் கொஞ்சம் குறையும்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். எங்கேயோ சண்டை நடக்கும், சம்பந்தமே இல்லாத ஒருவருடைய சரக்கை நீங்கள் இறக்க வேண்டியிருக்கும். அப்போது என்னைப் போலப் பிரசங்கம் செய்யாதீர்கள். இன்னும் யாருக்குச் சொல்லவில்லை என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும், விஷயம் தெரிந்தால் சண்டைக்கு வரக்கூடிய ஆளுக்குத்தான் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆவணியில் கடல் திறந்தது. ஹாருன் பாய் கல்யாண மிட்டாயோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஹோதனும் வந்தார். வழக்கம்போலப் பேரம், வழக்கம்போலச் சத்தம். எல்லாம் முடிந்ததும் பைக்குள் கையை விட்டு ஒரு தகர கப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். சின்ன கப். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பளபளவென்று இருந்தது, அடியில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை.

"எங்க கடைக்காரன் இதை வாங்கி ரெடியா வெச்சிருந்தான் பாய். லாஞ்சு வராதுன்னு நினைச்சு. வெளிய எடுக்கவே இல்ல. நான் போய்ப் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நான் இதை வெச்சு என்ன பண்ணுவேன் சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாத. இங்கேயே வெச்சுக்கோ" என்றார். "அங்க இருந்தா எவனாவது எடுத்துருவான்."